அட்டாலியில் ஏறிய காற்று

(நாமக்கல்லில் லாரித் தொழில் குடும்பங்களின் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்த கையோடு, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, ஒரு டாக்டர் தூக்கத்தைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யாராவது தூங்கினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருப்பவர் மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டை ஒரே சீராக வருகிறதா? இல்லை, திடீரென்று நின்று, சற்று நேரம் சத்தமே இல்லாமல் போய், பிறகு ஒரு திணறலோடு மறுபடி கிளம்புகிறதா? நின்று கிளம்பினால், கூட்டம் முடிந்ததும் அவரைக் கையோடு என்னிடம் அழைத்து வாருங்கள்.

குறட்டை விடுகிறவரைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். நான் இன்று பேசப்போவது அடுத்த கட்டத்தில் நிற்கிறவரைப் பற்றி. வீட்டார் நச்சரிப்புத் தாங்காமல் மருத்துவமனைக்குப் போய், தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்து, ஸ்லீப் ஸ்டடி என்கிற சோதனையை முடித்து, கையில் ஏழெட்டுப் பக்க அறிக்கையோடு நிற்கிறாரே, அவரைப் பற்றி. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? அதை எப்படிப் படிப்பது? படித்த பிறகு முதல் ராத்திரி என்ன செய்வது?

ஸ்லீப் அப்னியா என்கிற இந்த நோயில் மனிதர்கள் தோற்பதை நான் இரண்டு இடங்களில் பார்க்கிறேன். ஓர் இடம் பீரோ. இன்னோர் இடம் அட்டாலி. அறிக்கை பீரோவுக்குள் போய், பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே படுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி, ராத்திரி முகமூடி வழியாகக் காற்று ஊதும் இயந்திரம் வாங்கியவர் வீட்டில், இயந்திரம் மூன்றாம் மாதம் அட்டாலியில் ஏறி, பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பீரோவையும் அட்டாலியையும் தாண்டியவர் பிழைத்துக்கொள்கிறார்.

உங்களுக்கு உபதேசம் செய்ய வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். என் சொந்த அறிக்கை பதினொரு மாதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

நான் நுரையீரல் மருத்துவன். தினமும் பிறருக்கு இதைச் சொல்கிறவன். ஒரு நாள் காலையில் என் மனைவி செல்போனை எடுத்து ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். "இது எந்தப் பேஷண்ட்?" என்று கேட்டேன். "நீங்கதான்" என்றார். கேட்டேன். குறட்டை, பிறகு அமைதி. அந்த அமைதியில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்கிறது. நாற்பது நொடி. பிறகு நீரில் மூழ்கியவன் மேலே வந்து மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். "ஒவ்வொரு தடவையும் மூச்சு திரும்பி வருமான்னு நான் எழுந்து உக்காந்து பாத்துட்டு இருக்கேன்" என்றார் அவர். சோதனை செய்துகொண்டேன். மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. மடித்து இழுப்பறையில் வைத்தேன். உடம்பைக் குறைத்தால் சரியாகிவிடும், அடுத்த மாதம் நடக்க ஆரம்பிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் நோயாளிகள் என்னிடம் சொல்லும் அதே வசனம்!

பதினொரு மாதம் கழித்து ஒரு நாள், சேலம் ரோட்டில் டோல்கேட் வரிசையில் காரை நிறுத்தியிருந்தேன். எனக்கு முன்னால் நான்கு வண்டிகள். கண்ணை மூடித் திறந்தேன். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. பின்னால் நின்ற லாரியின் ஹாரன் எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததோ, தெரியாது. நின்றிருந்த வண்டி, அதனால் பிழைத்தேன். அன்று ராத்திரி இழுப்பறையைத் திறந்தேன்.

சரி, இந்த நோயில் நடப்பது என்ன?

இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா தருகிறார்கள். கொஞ்ச நேரம் ஊறியதும் அது தொய்ந்துவிடும். அப்போது வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ராவின் இரண்டு பக்கமும் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நாம் எவ்வளவு இழுத்தாலும் இளநீர் வராது. நம் தொண்டையும் அப்படிப்பட்ட ஒரு குழாய்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, குழாய் ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சை இழுக்கிறது, காற்று வரவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளைக்கு அபாய மணி அடிக்கிறது. மூளை ஒரு கணம் விழித்து, தொண்டையைத் திறக்கிறது. காற்று பாய்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி ஓர் இரவில் இருநூறு தடவை. காலையில் கேட்டால், "நல்லா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேங்க" என்பார். அந்த இருநூறு விழிப்பில் ஒன்றுகூட அவருக்கு நினைவில் இருக்காது.

அவருக்கு நினைவில்லாததை எழுதி வைத்திருக்கும் சாட்சிதான் அந்த அறிக்கை.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ஓர் எண்ணை. ஏ.எச்.ஐ. என்று போட்டிருக்கும். மூச்சு ஏறக்குறைய முழுவதுமாக 10 நொடி அல்லது அதற்கு மேல் நின்றால் அது அப்னியா. முழுவதும் நிற்காமல் 30 சதவீதமாவது குறைந்து, அதோடு ரத்த ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்துக்கொண்டாலோ அது ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் ஏ.எச்.ஐ. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 192 தடவை என்றால் மணிக்கு 32. ஐந்துக்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை.

இவ்வளவு தெரிந்தால் போதுமா? போதாது. இந்த ஓர் எண்ணை மட்டும் படித்துவிட்டு அறிக்கையை மூடுகிறவர்தான் ஏமாறுகிறவர்.

எப்படி என்று கேளுங்கள். இப்போது வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கிற சிறிய கருவி வந்திருக்கிறது. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். நல்ல வசதி. ஆனால் தலையில் ஒயர் கிடையாது. தலையில் ஒயர் இல்லையென்றால் நீங்கள் தூங்கினீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? பதிவான நேரம் முழுவதையும் தூக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஏழு மணி நேரம் கருவியோடு படுத்திருந்தார். உண்மையில் தூங்கியது நான்கு மணி நேரம். மூச்சு நின்றது 84 தடவை. கருவி 84-ஐ ஏழால் வகுத்து, 12 என்று சொல்கிறது, லேசானது. நான்கால் வகுத்துப் பாருங்கள், 21, நடுத்தரம். அதே மனிதர், அதே இரவு! ஆகவே வீட்டுச் சோதனையில் நோய் இருக்கிறது என்று வந்தால் நம்புங்கள். இல்லை என்று வந்து, பகலில் தூக்கம் மட்டும் விடாமல் அமுக்கினால், அந்த "இல்லை"யை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆய்வகத்தில் ஓர் இரவு படுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன் வரி. கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? 94-க்குக் கீழே போனால் வீடே பதறியது. இப்போது அதே கண்ணோடு ஸ்லீப் ஸ்டடி அறிக்கையைப் பாருங்கள். மிகக் குறைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். 90-க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்று இன்னொரு வரி இருக்கும். என்னிடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏ.எச்.ஐ. 28. ஒருவருக்கு ஆக்சிஜன் 89-க்குக் கீழே இறங்கவேயில்லை. இன்னொருவருக்கு 66 வரை போயிருந்தது, இரவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் 90-க்குக் கீழே. ஏ.எச்.ஐ.க்கு 12 நொடி நிற்பதும் ஒன்றுதான், 60 நொடி நிற்பதும் ஒன்றுதான். தடவையைத்தான் அது எண்ணும், நீளத்தை எண்ணாது. நான் அறிக்கையைக் கையில் வாங்கினால் முதலில் பார்ப்பது ஆக்சிஜன் வரியைத்தான், ஏ.எச்.ஐ.யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, எப்படிப் படுத்திருந்தபோது என்பதைப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் 40, ஒருக்களித்துப் படுத்தால் 6 என்று சிலருக்கு வரும். நாக்கு பின்னால் விழுவதால் வரும் வித்தியாசம் அது. அப்படிப்பட்டவருக்கு வைத்தியத்தில் பாதி படுக்கையிலேயே இருக்கிறது. பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்வது பழைய உத்தி. மல்லாந்தால் பந்து உறுத்தும், தானே புரண்டுவிடுவார். கேட்டால் சிரிப்பு வரும். சிலருக்கு வேலை செய்கிறது. அதேபோல, கனவு வரும் தூக்கத்துக்கும் தனிக் கணக்கு போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளர்வதால் எண் ஏறும். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம் வரும்.

நான்காவது வரி சின்னது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. அடைப்பால் நின்ற மூச்சு எத்தனை, மூளையின் கட்டளையே வராமல் நின்ற மூச்சு எத்தனை என்று பிரித்திருப்பார்கள். இரண்டாவது வகைக்கு சென்ட்ரல் அப்னியா என்று பெயர். தொண்டை திறந்துதான் இருக்கும். நெஞ்சு இழுக்க மறந்துவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு, சில வலி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரலாம். அந்த எண் அதிகமாக இருந்தால், கடையில் போய் ஒரு இயந்திரத்தை வாங்கி மாட்டிக்கொள்வது வைத்தியம் ஆகாது. இதய மருத்துவரும் பார்க்க வேண்டும்.

அறிக்கை இவ்வளவுதான். ஆனால் அறிக்கையில் இல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. அது நீங்கள்தான்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாளை வெளியிட்டார். எப்வொர்த் என்ற மருத்துவமனையின் பெயரே அந்தத் தாளுக்கும் பெயர். படிக்கும்போது கண் சொக்குமா? டி.வி. பார்க்கும்போது? கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. அந்தத் தாளின் எட்டாவது கேள்வி என்ன தெரியுமா? போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நின்றிருக்கும்போது கண் அசருமா என்பது. அதற்கான பதிலை நான் டோல்கேட்டில் எழுதிவிட்டேன்.

ஒருமுறை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கைகள் நடுங்க வந்தார். ஏ.எச்.ஐ. 7. இந்திப் பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது, காரணம் ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் சொன்னதாகச் செய்தி வந்ததே, அதைப் படித்ததிலிருந்து அவருக்கு ராத்திரி படுக்கவே பயம். பகலில் தூக்கம் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. "ஐயா, உங்களுக்கு இயந்திரம் வேண்டாம். மூன்று கிலோ குறையுங்கள், ஒருக்களித்துப் படுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம்" என்று அனுப்பினேன். அவரை நம்ப வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அதே நாள் சாயங்காலம் ஒரு ஓட்டுநர் அண்ணன் வந்தார். இந்த ஊர்க்காரர்தான். ஏ.எச்.ஐ. 52. மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. காலையில் எழுந்தால் தலைவலி. "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர், இவதான் இழுத்துட்டு வந்துட்டா" என்றார். அவர் மனைவி பேசவேயில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் கேட்டேன்: "ஏம்மா, நீங்க கடைசியா ராத்திரி முழுசும் தூங்கினது எப்போ?" "அவரு லைனுக்குப் போற நாள்லதானுங்க" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஆம்பளை நோய் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. ஆனால் அவர்கள் குறட்டை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, அசதி, தலைவலி, மனசு சரியில்லை என்று வருவார்கள். தூக்க மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ வாங்கிக்கொண்டு போவார்கள். தளர்ந்த தொண்டையைச் சில தூக்க மாத்திரைகள் இன்னும் தளர்த்தும். அம்மாவின் குறட்டையைப் பதிவு செய்ய எந்த வீட்டில் செல்போனை எடுக்கிறார்கள்?

இனி அட்டாலிக்கு வருவோம்.

1980 வரை கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்கு உறுதியான வைத்தியம் என்று இருந்தது ஒன்றுதான். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகுவது. பகலில் மூடிக்கொள்ளலாம், ராத்திரி திறந்துகொள்ள வேண்டும். அந்த வருடம் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். நோய் முற்றியிருந்தது. கழுத்தில் ஓட்டை என்றதும் முடியாது என்றுவிட்டார். சல்லிவன் அதற்கு முன் கனடாவில் தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தவர், நாயின் மூக்குக்கு முகமூடி செய்து பழகியவர். அவருக்கு ஒரு யோசனை. அடைத்துக்கொள்ளும் குழாயை வெளியிலிருந்து காற்றை ஊதித் திறந்து வைத்தால் என்ன? வாக்குவம் கிளீனரின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சும் காற்றை ஊதும் காற்றாக மாற்றினார். மூக்குக்கு அச்செடுத்த முகமூடியைப் பசை போட்டு ஒட்டினார். அந்தத் தொழிலாளி தூங்கினார். காற்றழுத்தத்தைக் கூட்டினார்கள், மூச்சு சீரானது. குறைத்தார்கள், அடைத்துக்கொண்டது. மறுபடி கூட்டினார்கள், மறுபடி சீரானது. ஐந்து நோயாளிகளின் முடிவுகளோடு 1981-இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. இன்று சிபாப் என்று நாம் சொல்லும் இயந்திரத்தின் பிறப்பு அதுதான்.

இதில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஆக்சிஜன் மிஷினுங்களா?" இல்லை. உங்கள் அறையில் இருக்கும் அதே காற்று. கொஞ்சம் அழுத்தத்தோடு வருகிறது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தம்? ஒரு செம்பு தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழ் விடுங்கள். அந்தக் குமிழை வெளியே தள்ள உங்களுக்கு வேண்டிய பலம்தான் அந்த இயந்திரத்தின் பலம். பெரும்பாலான இயந்திரங்கள் 4 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை தரும். அந்தக் காற்று தொண்டைக்குள் ஒரு தூண் மாதிரி நின்று குழாயைத் தாங்குகிறது. அடுத்த கேள்வி: "மாட்டினா பழகிடுமே, அப்புறம் அது இல்லாம தூக்கம் வராதே?" மூக்குக்கண்ணாடி பழகிவிடுகிறது என்று யாராவது அதைக் கழற்றி வைக்கிறார்களா?

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ராத்திரி நன்றாக இருக்காது. எனக்கும் நன்றாக இல்லை. மாட்டிக்கொண்டு படுத்ததும் ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டிய மாதிரி இருந்தது. இரண்டு மணிக்குக் கழற்றி எறிந்தேன். மறுநாளும் அப்படியே. இங்கேதான் அட்டாலி நம்மைக் கூப்பிடுகிறது.

என் அனுபவத்தில் முதல் பதினைந்து நாள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதனால் படுக்கும்போது மாட்டிப் பழகாதீர்கள். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது முகமூடியை மட்டும் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்து இயந்திரத்தை ஓடவிட்டு அரை மணி நேரம். அதற்குப் பிறகு படுக்கை. தொடங்கும்போது அழுத்தத்தைக் குறைத்து வைத்து, நீங்கள் தூங்கத் தூங்க மெல்ல ஏற்றும் வசதி ஏறக்குறைய எல்லா இயந்திரத்திலும் இருக்கிறது. வாங்கிய கடையில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இயந்திரத்தைவிட முகமூடி முக்கியம். பெரும்பாலான தொந்தரவு முகமூடியால் வருவது. காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது என்று பட்டையை இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்க மூக்குத் தண்டில் புண் வரும், கசிவு நிற்காது. அளவு தப்பு என்று அர்த்தம், மாற்றுங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல் மீசை. மூக்கை மூடும் முகமூடி பெரிய மீசைமேல் ஒட்டாது. மீசையை எடுக்கச் சொன்னால் அவர் நோயோடு இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்! மூக்குத் துளையிலேயே உட்காரும் சிறிய வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். தாய்மார்கள் முகத்தில் மஞ்சளோ கிரீமோ பூசிக்கொண்டு மாட்டினாலும் வழுக்கிக் கசியும். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

வாய் காய்ந்தால் வாயைத் திறந்து தூங்குகிறீர்கள் என்று பொருள். மூக்கடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றை ஈரமாக்க ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் நம் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கழுவிக் காய வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் ஃபில்டர் நம் ஊர்ப் புழுதிக்குச் சீக்கிரம் கறுக்கும். கரண்ட் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோமா என்று பயப்படுகிறார்கள். முகமூடியில் மூச்சு வெளியேற ஓட்டை இருக்கிறது, விழித்துக்கொண்டு கழற்றிவிடுவீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

ஒரு மாதம் கழித்து இயந்திரத்தின் கார்டையோ செல்போன் செயலியையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இது இரண்டாவது அறிக்கை. முதல் அறிக்கையை ஒருவர் உங்களுக்காக எழுதினார். இதை நீங்களே ஒவ்வொரு ராத்திரியும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எவ்வளவு கசிந்தது, மாட்டிய பிறகும் மிச்சம் இருக்கும் ஏ.எச்.ஐ. எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். மிச்சம் ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது. இரவுக்கு நான்கு மணி நேரத்தைக் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. சொன்னேனே, விடியற்காலையில்தான் கனவுத் தூக்கம், அப்போதுதான் மூச்சு மிக மோசமாக நிற்கும். நான்கு மணி நேரத்தில் கழற்றி வைத்தால், மழை வலுக்கும் நேரத்தில் குடையை மடக்கியதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 2,717 பேரை எடுத்துக்கொண்டு செய்த பெரிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. இயந்திரம் மாட்டியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஏன்? அவர்கள் மாட்டிய சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணிதான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இதை மாட்டினால் மாரடைப்பே வராது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. ஓட்டுநர் தொழிலில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய லாபம் எது?

அதே 2016-இல் அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஸ்லீப் அப்னியா இருக்கிறது என்று தெரிந்து, கம்பெனியே இயந்திரம் கொடுத்தும் மாட்டாதவர்களுக்கு, தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகள் மற்ற ஓட்டுநர்களைப்போல் ஐந்து மடங்கு. மாட்டியவர்களுக்கு? மற்ற ஓட்டுநர்களுக்கு இருந்த அளவே. லாரி உரிமையாளர்களே, இந்தக் கணக்கை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். டயருக்கும் எஃப்.சி.க்கும் செலவழிக்கிறீர்கள். ஓட்டுகிறவரின் தூக்கத்துக்கும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நோய் என்று வந்தால் அவரை வேலையைவிட்டு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த ஓட்டுநர் சோதனைக்கே வரமாட்டார். அவர் அறிக்கையும் பீரோவுக்குள் போய்விடும். அந்த 52 அண்ணன் என்னைக் கேட்டார்: "லாரிக்குள்ள எப்படிங்க மாட்டிட்டுப் படுக்கிறது?" வண்டி பேட்டரியில் ஓடுவதற்கு அடாப்டர் இருக்கிறது. லாரி பேட்டரி 24 வோல்ட் என்று சொல்லி, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். இப்போது அவர் பம்பாய் லைன் போகும்போது லாரியின் பின் படுக்கையில் மாட்டிக்கொண்டு படுக்கிறார்.

இயந்திரம் ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. கீழ்த் தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கும் பல் கருவி, லேசான, நடுத்தர நிலைக்கு உதவும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு சதையை எடுத்தாலே தீரும். எடை குறைந்தால் எண் குறையும், அதில் சந்தேகமில்லை. டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு, உடல் பருமனோடு வரும் நடுத்தர, கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சர்க்கரைக்கும் எடைக்குமாக 2025 மார்ச்சில் அது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விலை அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது, எடை குறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ராத்திரி மூச்சு நின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே எடை குறையட்டும், இயந்திரமும் ஓடட்டும். குறைந்த பிறகு மறுபடி ஒரு சோதனை செய்து பார்த்து முடிவெடுப்போம். ராத்திரி குடித்துவிட்டுப் படுக்கிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் தொண்டையைத் தளர்த்தும்.

என் கதையின் மிச்சம் கேட்பீர்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு நானாக விழித்தேன். தலை கனக்கவில்லை. பக்கத்தில் என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வெளியே வாசல் மேசையில் அந்த எட்டுக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அண்ணன்மார்களே, அதைத் தனியாக நிரப்பாதீர்கள். வீட்டில் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்புங்கள், நீங்கள் போடும் மதிப்பெண்ணை அவர் திருத்தட்டும். பீரோவில் அறிக்கை வைத்திருப்பவர்கள் வரும் வியாழக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். அட்டாலியில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தை இறக்கிக்கொண்டு வாருங்கள். முகமூடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.